பத்தொன்பது விநாடி

பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் நிலையம்.
இரவு பதினொன்றுக்குப் பாண் வேகும் வாசம்
ஒலிவாங்கி வரைக்கும் ஏறி வரும்.
ஹட்டனில் அன்று மூன்றாம் நாள் மழை.

எட்வின் மாசிலாமணி இறந்து ஒன்பது நாள்.
பத்திரிகையில் ஒரே வரி:
முன்னாள் ஹோட்டல் வாத்தியக்காரர், கண்டியில் காலமானார்.
ஹோட்டல் அவரை ஏன் அனுப்பியது என்று
யாரும் எழுதவில்லை.
ஒரு கல்யாண இரவில், வால்ட்ஸின் நடுவே
தாளத்தை விட்டு இறங்கி
சக்சபோனை இருமவிட்டாராம்.
மணப்பெண் சிரித்தாளாம்.
மாப்பிள்ளையின் அப்பா சிரிக்கவில்லை.

"ஒரு மணித்தியாலமா?" என்றார் மேலாளர் திலகசிறி.
"அரை தருகிறேன். முடிவில் உர விளம்பரம்."

என்னிடம் இருந்தது ஒரே ஒரு கசெட்.
தலவாக்கலை தேவாலய மண்டபத்தில்
எழுபத்தொன்பதில் பதிந்தது.
கேட்க வந்தவர்கள் பதினான்கு பேர்.
எண்ணியிருக்கிறேன்;
கடைசியில் கைதட்டல் தனித்தனியாகக் கேட்கும்.

"இது பாட்டு அல்ல" என்று எழுதி அடித்தேன்.
"இது பாட்டு" என்று எழுதி அதையும் அடித்தேன்.
"டிக்கோயாவில் பிறந்த எட்வின் மாசிலாமணி" என்று மட்டும் சொல்லிப்
பொத்தானை அழுத்தினேன்.

சேற்று மேட்டில் லொறி ஏறுவது மாதிரி ஒரு சுரம்:
பிடிக்கிறது, வழுக்குகிறது, பிடிக்கிறது.
பிறகு அதன் தோலை உரிக்கத் தொடங்குகிறார்.
ஒரே குழலுக்குள் இரண்டு குரல்
ஒன்றையொன்று பேசவிடாமல் பேசுகின்றன.

முதல் அழைப்பு: "தங்கச்சி, உங்கட ரேடியோவில கோளாறு."
இரண்டாவது: "நாய் குரைக்குது, நிப்பாட்டுங்க."
மூன்றாவது லிந்துலைப் பக்கத்து ஃபெக்டரியிலிருந்து,
இரவு மெக்கானிக், பெயர் செபமாலை:
"கொழுந்து வாட்டுற காத்தாடியில
பெயரிங் போச்சுன்னு நிப்பாட்டிட்டேன்.
நிப்பாட்டியும் சத்தம் நிக்கல.
அப்புறம் பாத்தா ஜன்னலோரம் ரேடியோ."
கொஞ்சம் நின்று, "யாரு இந்த மனுசன்?"

பதில் சொல்ல நேரமில்லை.
இருபத்திரண்டாம் நிமிடம் வந்துவிட்டது.

எங்கள் கணினிக்கு ஒரு விதி.
பத்து விநாடி சத்தம் இல்லையென்றால்
நான் தூங்கிவிட்டதாக முடிவு செய்து
தானாகவே பக்திப்பாடல் போடும்.
கசெட்டின் இரைச்சலை அது சத்தத்தில் சேர்க்காது.
மாசிலாமணி இந்த இடத்தில்
பத்தொன்பது விநாடி ஊதமாட்டார்.
ஆறு தடவை கேட்டவள் நான்;
கணினியை மறந்துவிட்டேன்.

திரையில் சிவப்பு எண்.
ஐந்து. ஆறு.
ஒலிவாங்கியைத் திறந்தேன்.
பேசினால் அவரைக் கொன்றதாகும்.
பேசாவிட்டால் பக்தி.
எட்டு.

மூச்சு விட்டேன், உதடு பட.

எண் பூச்சியத்துக்கு விழுந்து
மறுபடி ஏறத் தொடங்கியது.
சின்ன வயதிலிருந்தே எனக்கு இழுப்பு,
மழை நாட்களில் கூடும்.
இரண்டாவது மூச்சு நெஞ்சுக்குள் விசிலடித்தது.
மறைக்க இடமில்லை.
மூன்றாவதை இழுத்துக்கொண்டிருக்கையில்
அவர் திரும்பி வந்தார்,
என் விசிலைச் சட்டை செய்யாமல்,
வேறெங்கோ இருந்து.

பதினான்கு பேர் கைதட்டினார்கள்.
உரம் விளைச்சலை இரட்டிப்பாக்கும் என்றது விளம்பரம்.
நாட்குறிப்பில் எழுதினேன்:
தொழில்நுட்பக் கோளாறு — இல்லை.

செபமாலை இணைப்பைத் துண்டித்திருக்கவில்லை.
"நடுவில மூச்சு வாங்கினது அவரா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும்.
"ஓம்" என்றேன்.

"இழுப்பை வச்சுக்கிட்டா இம்புட்டு ஊதினாரு!"
போனை வைக்காமலே போய்க் காற்றாடியைப் போட்டார்.
அது சுற்றத் தொடங்குவது எனக்கும் கேட்டது.
பெயரிங் உண்மையிலேயே
கொஞ்சம் தேய்ந்துதான் இருந்தது.